பழைய ஜான்சன் அவுட்போர்டு: கயிறு இழுத்தால் உதைக்கிறது, டைமிங் எப்படிச் சரி செய்வது?

எண்ணூர் படகு:
வணக்கம். முகத்துவாரம் பக்கம் வலை போடும் சின்ன ஃபைபர் படகுக்காக, பழைய ஜான்சன் மோட்டார் ஒன்று கைமாறி வந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். மேக்னெட்டுக்கு (மேலே சுற்றும் காந்தச் சக்கரம்) அடியில் இரண்டு சி.பி. பாயிண்ட் (திறக்கும்போது பிளக்கில் நெருப்பு விழ வைக்கும் தொடுமுனை). பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன்.

கயிறு இழுத்தால் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி திருப்பி உதைக்கிறது. ஸ்டார்ட் ஆனால் ஐடிலில் குலுங்குகிறது, முழு திராட்டில் கொடுத்தாலும் படகு எழும்பவில்லை. மேல் பிளக் கருப்பாக, ஈரமாக இருக்கிறது. கீழ் பிளக்கின் பீங்கான் வெளுத்துப்போய், அதன் மேல் மிளகுத் தூள் தூவியது போலப் பளபளப்பான பொடிப்புள்ளிகள். கார்ப்பரேட்டர் கழுவியாகிவிட்டது, இரண்டு பக்கமும் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது.

டைமிங் லைட் கிடையாது, மேனுவலும் இல்லை. பாயிண்ட் இருக்கும் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதுமா?

காசிமேடு மெக்கானிக்:
தம்பி, முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தி வையுங்கள். அந்தப் பளபளப்புப் புள்ளி பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். கீழ் சிலிண்டரில் நெருப்பு நேரத்துக்கு முன்பே விழுகிறது என்று நினைக்கிறேன். இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

பாயிண்ட் கேப், அதாவது பாயிண்ட் திறக்கும் இடைவெளி, எவ்வளவு என்று பார்த்தீர்களா? மோட்டார் எங்காவது மணலில் தட்டியதா?

எண்ணூர் படகு:
கேப் பார்க்கவில்லை அண்ணே. முகத்துவாரம் மணல் ஏறிக் கிடக்கிறதே, போகும்போதும் வரும்போதும் புரொப்பெல்லர் தட்டத்தான் செய்கிறது.

திருவொற்றியூர் வாசகர்:
டைமிங் முன்னால் இருக்கிறது என்றால் பிளேட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, கயிறு இழுத்துப் பாருங்கள். உதைப்பது நின்றுவிடும். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

காசிமேடு மெக்கானிக்:
அது இங்கே சரிவராது. பைக்கில் பிளேட்டை ஒரு இடத்தில் வைத்து முடுக்கிவிடுகிறோம். இந்த மோட்டாரில் பிளேட்டே திராட்டிலோடு சேர்ந்து திரும்பும். ஐடிலில் பின்னால் இருக்கும், திராட்டில் கொடுக்கக் கொடுக்க முன்னால் போகும், அதுதான் அட்வான்ஸ். அதோடு பிளேட்டைத் தள்ளினால் இரண்டு சிலிண்டருக்கும் சேர்ந்துதான் மாறும். தம்பியின் இரண்டு பிளக்கும் இரண்டு விதமாக இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

இந்த மேக்னெட்டோவில் டைமிங் என்பதே கேப்தான். கேப் அகலமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், நெருப்பு முன்னால் வரும். குறுகினால் தாமதமாகும். இரண்டு பாயிண்டிலும் கேப் வேறு வேறாக இருந்தால் ஒரு சிலிண்டர் முன்னால், இன்னொன்று பின்னால். அப்போது ஐடிலில் குலுங்காமல் என்ன செய்யும்?

பெட்ரோல் லைனைக் கழற்றி, இரண்டு பிளக்கையும் எடுத்துவிட்டுத்தான் மேக்னெட்டைத் தொட வேண்டும். மேலே மூன்று மறை ஓட்டை இருக்கும், அதில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி. விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தால் மேக்னெட் கோணிவிடும், ஷாஃப்ட் தலையில் சுத்தியலால் அடித்தால் பேரிங் போய்விடும். புல்லர் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அதுவரை வேலையைத் தொடாதீர்கள்.

மேக்னெட் வந்ததும், அதை ஷாஃப்ட்டில் நகராமல் பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டான கீயை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மணலில் தட்டிய மோட்டாரில் கீ பாதி வெட்டுப்பட்டிருக்கலாம். உங்கள் மாடலில் பாயிண்டைத் தள்ளும் கேம் ஷாஃப்ட்டில் தனியாக இருக்கும். அதனால் கீ வெட்டுப்பட்டால் டைமிங் மாறாது, ஆனால் காந்தம் இடம் மாறி நெருப்பு பலவீனமாகும், மேக்னெட்டில் உள்ள குறியையும் நம்ப முடியாது. கேமின் ஒரு பக்கம் ‘டாப்’ என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கம் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகப் போட்டிருந்தால் நீங்கள் கேப் எவ்வளவு சரியாக வைத்தாலும் டைமிங் வராது.

கேப் 20 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.5 மி.மீ. புது பாயிண்ட் போட்டால் 22 தௌ வையுங்கள், தேய்ந்து சரியாகிவிடும். கேமின் மேடு பாயிண்ட்டை முழுக்கத் திறந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு வரணும். ஸ்குரூ முடுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், முடுக்கும்போதே கேப் நகரும். கடைசியாக, கேஜில் இருக்கும் எண்ணெய் பாயிண்டில் ஒட்டியிருக்கும், சுத்தமான துணியை நடுவில் விட்டுத் துடையுங்கள். அந்த ஒரு துளி எண்ணெயே நெருப்பைக் கெடுத்துவிடும்.

பழவேற்காடு:
டைமிங் லைட் இல்லாவிட்டால் பரவாயில்லை, மல்டிமீட்டர் இருந்தால் போதும். முதலில் பிஸ்டன் உச்சியைக் கண்டுபிடியுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதில் ஒரு போல்ட் வைத்து பற்றவைத்தால் ஸ்டாப்பர் ரெடி. அதைப் போட்டு, மேக்னெட்டைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும் வரை சுற்றிக் கோடு போடுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் உச்சி.

பாயிண்டில் மெல்லிய வயர் கட்டி மேக்னெட்டுக்கு அடியில் வெளியே எடுத்து, ‘பீப்’ சத்தம் போடும் நிலையில் வைத்த மல்டிமீட்டரில் மாட்டுங்கள்; பாயிண்ட் மூடியிருந்தால் மீட்டர் கத்தும். காயில் வயரையும் கண்டன்சரையும் பாயிண்டிலிருந்து கழற்ற மறக்காதீர்கள். காயிலின் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, அது மாட்டியிருந்தால் பாயிண்ட் திறந்தாலும் மீட்டர் கத்திக்கொண்டேதான் இருக்கும். சத்தம் நிற்கும் இடம்தான் நெருப்பு விழும் இடம்.

மேக்னெட் விளிம்பில் காகித டேப் ஒட்டிச் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று கிடைத்துவிடும். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் சரியாக 180 டிகிரி வர வேண்டும். அளக்கும்போது திராட்டிலை ஒரே இடத்தில் கட்டி வையுங்கள், பிளேட் நகர்ந்தால் கணக்கு பிசகும்.

எண்ணூர் படகு:
அண்ணே, எல்லாம் செய்து பார்த்தேன். கீயில் கீறல் இல்லை, கேமும் ‘டாப்’ மேலே இருந்தபடியே இருக்கிறது. மேல் பாயிண்ட் 0.5-க்குக் கொஞ்சம் கம்மி, கீழ் பாயிண்ட் 0.75. மேக்னெட் சுற்றளவு 640 மி.மீ. அப்படியானால் 320-க்கு ஒன்று திறக்க வேண்டும், ஆனால் எனக்கு ஒரு பக்கம் 306, மறுபக்கம் 334 வந்தது. கிட்டத்தட்ட 8 டிகிரி வித்தியாசம்! இரண்டையும் 0.5-க்கு வைத்ததும் 319, 321.

டிரம்மில் தண்ணீர் விட்டு ஸ்டார்ட் செய்தேன், கயிறு உதைக்கவில்லை, ஐடிலும் நின்று ஓடுகிறது. ஆனால் கழிமுகத்தில் முழு திராட்டிலில் இன்னும் தூக்கம்தான்.

காசிமேடு மெக்கானிக்:
நல்லது, முக்கால் வேலை முடிந்தது. இனி பிளேட்டைப் பாருங்கள். திராட்டில் முழுதாகத் திறக்கும்போது பிளேட் கடைசி ஸ்டாப்பர் வரை போய் முட்டுகிறதா? உப்புத் தண்ணீர் மோட்டாரில் பிளேட்டின் கீழ் வளையம் உப்பேறிப் பிடித்துக்கொள்ளும், அல்லது லிங்க் தேய்ந்து பாதியில் நின்றுவிடும். அட்வான்ஸ் முழுதாக வரவில்லை என்றால் சத்தம் மட்டும் வரும், வேகம் வராது. கார்ப்பரேட்டரைத் திறக்கும் உருளையும் அந்தப் பிளேட்டின் கேமில்தான் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து நகர வேண்டும்.

எண்ணூர் படகு:
பிளேட் முக்கால் தூரத்தில் நின்றுவிடுகிறது அண்ணே. அடியில் வெள்ளையாக உப்புக் கட்டி. சுரண்டி, கழுவி, லேசாகக் கிரீஸ் தடவியதும் ஸ்டாப்பர் வரை வழுக்கிக்கொண்டு போகிறது. இன்று படகு எழும்பி ஓடியது!

காசிமேடு மெக்கானிக்:
சரி தம்பி. புது பிளக் இரண்டு போட்டு, கழிமுகத்திலேயே கொஞ்ச நேரம் லோடோடு ஓட்டி, முழு திராட்டிலிலேயே ஆஃப் செய்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே காப்பி நிறத்தில் இருந்தால் கடலுக்குப் போகலாம். கீழ் பிளக்கில் மறுபடியும் பளபளப்புப் புள்ளி தெரிந்தால் ஹெட்டைத் திறந்து பிஸ்டனைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கேமில் உரசும் ஃபெல்ட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் பாயிண்ட்டின் கால் தேய்ந்து கேப் குறைந்துகொண்டே வரும்.