'குறிப்பாயம்' வேண்டாம், 'திசைப்பிடி' போதுமா?

நண்பர்களுக்கு, குன்னூரிலிருந்து வணக்கம்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை எதை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோமோ, அதை ஆங்கிலத்தில் 'frame of reference' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'குறிப்பாயம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அது இயற்பியல் பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், அங்கே அதை அசைக்க வேண்டாம். நம் கையில் இருப்பதோ நெதர்லாந்தின் நைமேகன் நகரில் 1980இல் தொடங்கிய மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஆய்வு. அங்கே ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் பல மொழியினரிடம் நடத்திய சோதனை இது: மேசையில் பொம்மை விலங்குகள் வரிசையாக நிற்கும். பார்த்துவிட்டு அப்படியே பின்னால் திரும்பி, இன்னொரு மேசையில் அதே வரிசையை அடுக்க வேண்டும். இடம் வலமாக நினைவில் வைத்தவரின் பொம்மைகள் ஒரு பக்கம் பார்க்கும். வடக்கு தெற்காக வைத்தவருடையவை நேர் எதிர்ப்பக்கம். தமிழரிடம் எரிக் பெடர்சன் இதை ஆராய்ந்தார்.

மனம் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் 'திசைப்பிடி' என்கிறேன். குடைப்பிடி போல இருக்கிறது என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

திசைப்பிடியின் வகைகள் மூன்று. 'வீட்டுக்கு முன்னால்' என்றால் வாசல் பக்கம்: பொருள்வழி. 'மரத்துக்கு இடப்பக்கம்' என்பது பார்ப்பவரைப் பொறுத்தது: ஆள்வழி. 'மரத்துக்கு வடக்கே': நிலவழி. கடைசியதற்கு ஆங்கிலத்தில் 'absolute' என்று பெயர்; அதைச் சிலர் 'தனிநிலை' என்றது எனக்கு ஒப்பவில்லை. நிலத்தை விட்டால் அதற்கு ஏது நிலை?

திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் அத்தை இன்றும் சமையலறையில், "உளுந்து தெற்கோரத்து டப்பாவில்" என்பார். என் மகள் கரண்டியோடு நின்று, "இடதா, வலதா பாட்டி?" என்பாள். அத்தைக்கு அந்தக் கேள்வியே விளங்காது. "தெற்குடி!" என்று குரலை உயர்த்துவார், அவ்வளவுதான்.

இன்னொன்று. மேற்கு 'மேல்', கிழக்கு 'கீழ்' என்பவற்றிலிருந்து வந்தவை. மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் இருக்கும் நாட்டுக்கு அது பொருந்தும். ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூருக்கு மேற்கே போகிற பஸ் கீழே இறங்குகிறதே! அங்கே 'கீழே போகிறேன்' என்பவர் மேற்கே போகிறார். இதற்குச் 'சரிவுவழி' என்று நான்காவது வகை வேண்டுமா என்று முதலில் குழம்பினேன். மெக்சிகோவில் செல்தால் மொழி பேசும் தெனெஹாபா மக்கள் சமதளத்தில் நின்றாலும் வடக்கைத்தான் 'கீழே' என்கிறார்கள், அவர்கள் நிலம் அப்படிச் சரிகிறது. ஆய்வாளர்கள் அதையும் நிலவழியில்தான் சேர்த்தார்கள். ஆகவே நமக்கும் மூன்றே போதும் என்று நினைக்கிறேன். கூடலூர் நண்பர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.