கரடி வந்த ராத்திரி தோட்டா உள்ளே இருந்ததா, இல்லையா?

மலைப்பூண்டு:
நேற்று வேறொரு இழையில் கோத்தகிரி அண்ணன் எழுதியது இது: "மலையில் குடியிருந்துகொண்டு வீட்டில் துப்பாக்கி வைக்காதவன் பொறுப்பில்லாதவன். நான் வைத்திருப்பது பயத்தால் இல்லை, முன்னேற்பாடு." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் தாத்தா காலத்திலிருந்து பூண்டு போடுகிறோம். காட்டெருமை வாசலில் வந்து நிற்கும். மூச்சு விடுகிற சத்தம் கட்டிலில் படுத்திருந்தாலே கேட்கும். கதவைச் சாத்திக்கொண்டு, அது போகிற வரைக்கும் காத்திருப்போம். எங்கள் அப்பா பொறுப்பில்லாதவரா? துப்பாக்கி இருந்தால்தான் தூக்கம் வரும் என்றால் அதற்குப் பெயர் பயம்தான் அண்ணே.

கோத்தகிரியான்:
தம்பி, உங்கள் அப்பாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால், ஐப்பசி மழை, ராத்திரி இரண்டு மணி. சமையல்கட்டுப் பின்கதவின் கீழ்ப்பலகையைக் கரடி பிய்த்துவிட்டது. நல்லெண்ணெய் டின்னைக் கவிழ்த்து நக்குகிற சத்தம் நடையில் கேட்கிறது. அடுத்த அறையில் பேத்தி. அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்தேன், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கரடி ஓடிவிட்டது. பயந்தவன் கட்டிலுக்கு அடியில் போயிருப்பான்.

மலைப்பூண்டு:
ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்போது துப்பாக்கிக்குள் தோட்டா இருந்ததா, இல்லையா?

கோத்தகிரியான்:
வெடித்தது என்று சொல்கிறேன், தோட்டா இருந்ததா என்று கேட்கிறீர்கள்.

மலைப்பூண்டு:
வெடிக்கும்போது இருந்தது, சரி. நீங்கள் தூங்கப் போகும்போது இருந்ததா? இருந்தது என்றால், பேத்தி விளையாடுகிற வீட்டில் தோட்டா போட்ட துப்பாக்கி. இல்லை என்றால், பீரோச் சாவி தேடி, தோட்டா தேடி, இருட்டில் போட்டு முடிக்கிற வரைக்கும் கரடி எண்ணெய் நக்கிக்கொண்டுதானே இருந்தது? உங்களை ஒன்றும் செய்யவில்லையே? இரண்டில் எது?

குன்னூர் வாத்தியார்:
சட்டத்தையும் கொஞ்சம் பேசுவோம். 2016 ஆயுத விதிகளின்படி, எப்படிப் பாதுகாப்பாக வைப்பேன் என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். 1972 வன உயிரினச் சட்டம் 11ஆம் பிரிவு, உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. உயிரைக் காக்க, எண்ணெய் டின்னைக் காக்க இல்லை. கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியலில் இருக்கிற விலங்கு. குண்டு பட்டிருந்தால் குறைந்தது மூன்று வருஷம். அப்புறம் மலைப்பூண்டு, அது காட்டெருமை இல்லை, காட்டுமாடு. எருமை வேறு இனம்.

கோத்தகிரியான்:
சார், வானத்தைப் பார்த்து என்று தமிழில்தான் எழுதினேன். கரடிமேல் சுடவே இல்லை. குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸிலிருந்தே விலக்கு இருக்கிறது. கைல்போது பண்டிகை அன்றைக்குத் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்கள் எல்லாரும் பயந்தாங்கொள்ளிகளா? 2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைக் கடைசியில் எதனால் முடித்தார்கள்? கைதட்டியா?

குன்னூர் வாத்தியார்:
சுட்டது அரசாங்கத்து ஆட்கள், வீட்டுக்காரர்கள் இல்லை. 2021இல் மசினகுடியில் டி23 புலியை மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்களே, அது உங்கள் கணக்கில் வராதா?

மலைப்பூண்டு:
கொடைக்கானலில் எல்லாரும் காட்டெருமை என்றுதான் சொல்வோம் சார். உங்கள் நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர்ப் பேச்சைத் திருத்த வேண்டாம். போன வருஷம் பூண்டு இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

அண்ணே, குடகு போனீர்கள், தொட்டபெட்டா போனீர்கள். தோட்டா?

பந்தலூர் லயம்:
நான் தேயிலைத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறேன். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கண்டியிலிருந்து வந்த குடும்பம். யானை எங்கள் சமையலறைச் சுவரைத் தள்ளி அரிசிப் பானையை எடுத்துப் போயிருக்கிறது. மூன்று பிள்ளைகளோடு ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றோம். அன்றைக்குப் பயந்தேன், ஒளிக்கவில்லை. வாடகைச் சுவருக்குள் இருக்கிற எனக்கு எந்தக் கலெக்டர் லைசென்ஸ் கொடுப்பார்? துப்பாக்கி இருக்கிறது பங்களாவில், யானை வருகிறது லயத்துக்கு. துப்பாக்கி இல்லாதவன் பொறுப்பில்லாதவன் என்று எழுதும்போது எங்களை நினைத்தீர்களா ஐயா?

கோத்தகிரியான்:
உங்களைச் சொல்லவில்லை. வசதியிருந்தும் வைக்காதவர்களைச் சொன்னேன். எனக்கு இருப்பது பங்களா இல்லை, ஓட்டு வீடு. ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சை இலைக்கு விலை கிடைக்காமல் நாங்கள் படுகிற பாடு இந்த இழையில் யாருக்கும் தெரியாது. லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க நாயாய் அலைகிறேன். பயந்தவன் இவ்வளவு அலைய மாட்டான்.

மலைப்பூண்டு:
பயந்தவன்தான் அலைவான். 2024 தேர்தலுக்குத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தீர்களா?

கோத்தகிரியான்:
ஒப்படைத்தேன். மார்ச்சில் கொடுத்தது, ஜூன் 4 முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ரசீது இருக்கிறது. நான் சட்டத்தை மதிக்கிறவன்.

மலைப்பூண்டு:
அந்த இரண்டரை மாசம் எப்படித் தூங்கினீர்கள்?

கோத்தகிரியான்:
பின்கதவுக்கு இரும்புத் தகடு அடித்து, குறுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். எண்ணெய் டின்னை மாடிக்கு ஏற்றினேன். வாசலில் சோலார் விளக்கு வைத்தேன்.

மலைப்பூண்டு:
கரடி வந்ததா?

கோத்தகிரியான்:
வந்தது. கதவைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டது. தகட்டில் நக அடையாளம் நான்கு கோடு இன்னும் இருக்கிறது, வந்து பாருங்கள். அதற்காகத் துப்பாக்கி வேண்டாம் என்று ஆகிவிடுமா? தகடும் வேண்டும், துப்பாக்கியும் வேண்டும். எங்கள் அப்பா 1971இல் வாங்கியது. அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அதை பயம் என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது தம்பி. உங்களுக்குப் பூண்டு எப்படியோ, எனக்கு அது அப்படி.

குன்னூர் வாத்தியார்:
பூண்டையும் துப்பாக்கியையும் ஒப்பிட வேண்டாம். பூண்டு யாரையும் கொல்லாது.

கோத்தகிரியான்:
சார், நீங்கள் முதலில் காட்டுமாடா காட்டெருமையா என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள்.

பந்தலூர் லயம்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மலைப்பூண்டு:
எனக்கும்தான் சொல்லவில்லை அண்ணே. தோட்டா உள்ளே இருந்ததா, இல்லையா?

கோத்தகிரியான்:
எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.