பெக்கின் ‘ஓடிலே’: வாசிப்பா, ஒட்டு வேலையா?

பெரம்பூர் பேஸ்:
அமெரிக்கப் பாடகர் பெக் 1996இல் வெளியிட்ட ‘ஓடிலே’ ஆல்பத்தை ரொம்ப நாள் கழித்து நேற்று முழுசாகக் கேட்டேன். கிட்டார், பேஸ், கீபோர்டு, மவுத் ஆர்கன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மனிதர் தானே வாசிக்கிறார். அட்டையில் தரை துடைக்கிற மாப் மாதிரி சடைசடையாக ஒரு கொமொண்டோர் நாய் தடை தாண்டுகிறது. உள்ளேயும் அதே கூத்துதான். அந்தக் காலத்தில் 29சி பஸ்ஸில் வாக்மேனில் கேட்டுக்கொண்டு போனபோது, ஒரு இடத்தில் டேப் சிக்கிவிட்டதோ என்று திறந்தே பார்த்தேன். ஆல்டர்நேட்டிவ் ராக்கில் இதற்கு மேல் ஒரு ஆல்பம் இருந்தால் சொல்லுங்கள்.

மயிலை மேளம்:
பாதி அடுத்தவர் சரக்கு, இதில் வாசிப்பு எங்கே? இதில் ‘ஜாக்-ஆஸ்’ பாட்டு முழுக்க, ‘தெம்’ என்ற ராக் குழு 60களில் பதிவு செய்த பாப் டிலன் பாட்டின் மேல்தான் ஓடுகிறது. ‘ஹை ஃபைவ்’ பாட்டின் நடுவில் மேற்கத்திய செவ்வியல் மேதை ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி. நம் ஊர் இசையமைப்பாளர் நாலு பார் எடுத்தால் சாயங்காலத்துக்குள் ஒரிஜினலைத் தோண்டியெடுத்து நாறடிக்கிறோம். கலிபோர்னியாக்காரர் பழைய ரெக்கார்டிலிருந்து துண்டை வெட்டி ஒட்டினால் மட்டும் அதற்கு ‘சாம்பிளிங்’ என்று பெயரா?

பெரம்பூர் பேஸ்:
அவர் ஒளித்துச் செய்யவில்லையே சார். ‘ஜாக்-ஆஸ்’ எழுதியவர்கள் பட்டியலில் டிலன் பெயரும் இருக்கிறது.

மயிலை மேளம்:
சரி, அது நியாயம். ஆனால் பெயர் போட்டுவிட்டால் வாசித்ததாகிவிடுமா? பல வாத்தியக்காரர் என்றால் எனக்கு எஸ். பாலசந்தர்தான். கஞ்சிரா, தபலா, சிதார் எல்லாம் தொட்டுவிட்டு, கடைசியில் வீணையோடு உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்தல் வேண்டாமா?

கோடம்பாக்கம் கன்சோல்:
நான் ரெக்கார்டிங் ஆள், ஒன்று சொல்கிறேன். இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி டஸ்ட் பிரதர்ஸ் தயாரிப்பு. 1989இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவுக்கு ‘பால்ஸ் பூட்டிக்’ ஆல்பத்தைச் செய்து கொடுத்தவர்கள், சாம்பிளிங்கில் கரை கண்டவர்கள். இதில் ‘டெவில்ஸ் ஹேர்கட்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். டிரம்ஸ் பழைய ரெக்கார்டுகளிலிருந்து வெட்டியது. திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு (ரிஃப்) ‘தெம்’ பாட்டிலிருந்து வந்ததுதான், ஆனால் வெட்டி ஒட்டவில்லை, பெக் கையால் திரும்ப வாசித்தது. பழைய டிரம்ஸுக்குள் அது பதிவான அறையின் சத்தமும் சேர்ந்தே வரும். அதன்மேல் புதுசாக வாசித்தால் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். இங்கே நிற்கிறதா, பாருங்கள். நான் இதே வேலையில் எத்தனையோ ராத்திரி தோற்றிருக்கிறேன்.

அடையாறு ஆலமரம்:
1997இல் இதற்கு 2 கிராமி கொடுத்துவிட்டு, ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை செலின் டியோனுக்குக் கொடுத்தார்கள். அந்த விருது பெக்குக்கு 2015இல்தான் வந்தது, அதுவும் ‘மார்னிங் ஃபேஸ்’ என்ற சாதுவான ஆல்பத்துக்கு. ராப் பாடகர் கான்யே வெஸ்ட் மேடையேறி வந்து, மைக்கைத் தொடாமல் திரும்பிப் போனாரே, அன்றைக்குத்தான்.

மயிலை மேளம்:
சாதுவாக இருந்தால் விருது கிடைக்கும். அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

அப்புறம், கன்சோல் அண்ணே, ‘டெவில்ஸ் ஹேர்கட்’ மூன்று தடவை கேட்டேன். கிட்டார் ஒட்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஷூபர்ட்டை நடுவில் சொருகியதை மட்டும் மன்னிக்க முடியாது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, யாரோ ரேடியோ ஸ்டேஷனை மாற்றின மாதிரி இருக்கிறது.

பெரம்பூர் பேஸ்:
நான் வாக்மேனைத் திறந்து பார்த்த இடம் அதுதான் சார்.