பள்ளி ஹர்லிங் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஷானன்கரை, லிமெரிக்:

எங்கள் பெரியவன் பள்ளி சீனியர் ஹர்லிங் அணியில் ஒரு முழுப் பருவம் ஆடி முடித்துவிட்டான். செப்டம்பரில் ஆள் எடுத்தார்கள், அக்டோபரிலும் நவம்பரிலும் குழு ஆட்டங்கள், ஜனவரியில் காலிறுதி. அதோடு மூட்டை கட்டியாயிற்று. கிளப் ஆட்டம் பற்றி இங்கே அவ்வப்போது பேசியிருக்கிறோம். பள்ளி ஆட்டம் பற்றி யாரும் வாய் திறந்த மாதிரி தெரியவில்லை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஹர்லிங் என்பது அயர்லாந்தின் பாரம்பரிய மட்டைப்பந்து ஆட்டம். ஒரு பக்கம் 15 பேர். ஆஷ் மரத்தில் செய்த மட்டைக்கு ஹர்லி என்று பெயர், தோல் பந்துக்கு ஸ்லிட்டர். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று புள்ளி. ஸ்கோர் 2-11 என்றால் இரண்டு கோல், 11 புள்ளி, மொத்தம் 17. எதிரணி 0-16 எடுத்திருந்தால் ஒரு புள்ளியில் தோற்றுவிட்டது. கோல் விழுந்தால் கம்பத்தடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிற நடுவர் பச்சைக் கொடியை ஆட்டுவார், புள்ளி என்றால் வெள்ளைக் கொடி. கணக்கு பிடிபடும்வரை கொடியைப் பார்த்துக் கைதட்டினால் போதும்.

மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகளுக்கு டாக்டர் ஹார்ட்டி கோப்பைதான் எல்லாம். பேராயர் ஜான் ஹார்ட்டியின் பெயரில் 1918-இலிருந்து நடக்கிறது. 19 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடலாம். அதில் தேறுகிறவர்கள் அகில அயர்லாந்து குரோக் கோப்பைக்குப் போவார்கள். அந்த இறுதி ஆட்டம் மார்ச்சில், செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டி வரும். அதாவது மொத்தப் பருவமும் மழை, காற்று, சேறு. கோடையில் டிவியில் காட்டுகிற பச்சைப் பசேல் மைதானத்தை மறந்துவிடுங்கள்.

குழு ஆட்டங்கள் பெரும்பாலும் புதன்கிழமை மதியம். வேலைக்குப் போகிற அப்பா அம்மாவுக்கு ஆகவே ஆகாத நேரம். ஆனாலும் கோட்டோரத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதிப் பேர் தாத்தாக்கள். நவம்பரில் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, “உன் பையன் எது?” என்றார். ஆறாம் நம்பர் என்றேன். எந்தப் பங்கு, அதாவது எந்தச் சர்ச் வட்டாரம் என்றார், சொன்னேன். “அங்கே யாருடைய பேரன்?” என்றார்.

இந்த ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. கிளப் என்பது சர்ச் பங்கோடு ஒட்டியது. தாத்தா எந்தச் சட்டை போட்டாரோ அதையே பேரனும் போடுவான். வாடகை வீடு மாறி மாறி வந்த எங்களுக்கு அந்தப் பூர்வீகம் கிடையாது. “எங்களுக்கு மதுரைப் பக்கம், இந்தியா” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அங்கே ஆஷ் மரம் உண்டா?” இல்லை, வேம்பும் புளியும்தான் என்றேன். புளியமரம் என்னமாதிரிக் கட்டை, கனமா, வளையுமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கனம் அதிகம், மட்டைக்குச் சரிவராது என்று நான் சொல்லி முடிக்கும்போது எங்கள் பையன்கள் ஒரு கோல் போட்டிருந்தார்கள். இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பள்ளி அணி எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் விரலை ஒருத்தன் வீங்க வைத்த பையன்கள், புதன்கிழமை ஒரே ஜெர்சியில் நிற்பார்கள். நாலைந்து பங்குகளிலிருந்து வந்த கலவை. அங்கே யாருடைய பேரன் என்ற கேள்விக்கு வேலை இல்லை. காலிறுதியில் எங்கள் ஃப்ரீ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடி) அடித்த பையன், கிளப்பில் என் மகனுக்கு ஜென்ம விரோதி. பதினாறு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் இவனுடைய சுண்டுவிரலை உடைத்த புண்ணியவான். ஆட்டம் முடியப் போகிறது, ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். 65 மீட்டர் கோட்டிலிருந்து அவன் அடிக்கப் போகிறான். என் மகன் ஓடிப்போய், அவன் மட்டைப் பிடியில் படிந்த சேற்றைத் தன் சட்டையால் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். காற்று எதிர்க்காற்று. பந்து கம்பிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. தோற்றாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் பங்கில் பஸ்ஸை நிறுத்தி எல்லாருக்கும் சிக்கன் ஃபில்லெட் ரோல். காரில் பின்னாலேயே வந்த நான் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், இரண்டு பேரும் ஒரே ரோலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருத்தமெல்லாம் பெற்றவர்களுக்குத்தான்.

மழைக்கோட்டு, கார்க்:

அக்கா, அருமை. நான் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன், அதனால் எனக்கு இந்த ஆட்டம் வேறு வாசல் வழியாகத்தான் அறிமுகம். பள்ளிப் பருவம் ஆரம்பித்தால் புதன்கிழமை சாயங்காலம் சேறும் ஜெர்சியுமாகப் பையன்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் விரல், விரல்முட்டி, மணிக்கட்டு. தலையில் அடி குறைவு. 2010-இலிருந்து எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம், முகத்துக்குக் கம்பி வலையும் உண்டு. அதற்கு முந்தைய காலத்தில் வேலை பார்த்த மூத்த செவிலியர்கள் சொல்கிற கதையெல்லாம் சாப்பிடும் நேரத்தில் கேட்கக் கூடாது.

வருகிற பையன்கள் எக்ஸ்ரே எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எப்போது ஆடலாம் என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் சொல்கிற வாரக் கணக்கில் பாதியை அவர்களே கழித்துக்கொள்வார்கள்.

என் மகள் வகுப்புப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் ஒருவர் சொன்ன விஷயத்தை இங்கே அம்மாக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். எதிராளி மட்டையை ஓங்கினால் நம் புத்தி பின்னால் போ என்று சொல்லும். ஹர்லிங்கில் அதுதான் ஆபத்து. மட்டை முழு வேகமும் எடுப்பது வீச்சின் கடைசியில். அதனால் தோளோடு தோள் ஒட்டி உள்ளே போ, வீச்சுக்கு இடமே கொடுக்காதே, பின்னாலிருந்து உன் மட்டையை நீட்டி அவன் மட்டையைக் கொக்கி போடு என்று சிறு வயதிலேயே பழக்குகிறார்கள். தயங்கி ஓரடி தள்ளி நின்றவன்தான் என்னிடம் வந்து சேருகிறான்.

கார்க்கில் இருப்பதால் எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிக்கொள்கிறேன். நார்த் மொனாஸ்ட்ரி பள்ளிக்காக ஹார்ட்டி கோப்பை வென்ற ஜாக் லிஞ்ச், 1941 முதல் 1946 வரை வருடம் தவறாமல் ஆறு அகில அயர்லாந்துப் பட்டம் எடுத்தார். ஐந்து ஹர்லிங், ஒன்று கேலிக் கால்பந்து. 1966-இல் நாட்டின் பிரதமராகவே ஆகிவிட்டார். இங்கே உள்ள நோயாளித் தாத்தாக்களிடம் அவர் பேச்சை எடுத்தால் போதும், ஊசி போடுவது தெரியாமலே போய்விடும்.

கரும்பலகை, கில்கென்னி:

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இந்த மாவட்டத்துப் பள்ளிகள் சிலவற்றில் தற்காலிக ஆசிரியராக இருந்திருக்கிறேன். கில்கென்னியில் ஹர்லிங் என்பது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். இங்குள்ள செயின்ட் கீரன்ஸ் கல்லூரி என்ற பள்ளி குரோக் கோப்பையை 20 தடவைக்கு மேல் வென்றிருக்கிறது, வேறு எந்தப் பள்ளியும் பக்கத்தில்கூட வரவில்லை. எடி கெஹர், பிரையன் கோடி, ஹென்றி ஷெஃப்லின் என்ற பெரிய ஹர்லிங் ஆட்டக்காரர்கள் எல்லாம் அங்கே படித்தவர்கள். ஷெஃப்லின் பின்னாளில் மாவட்டத்துக்காக 10 அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கினார். இப்படி ஒரு பள்ளி ஊருக்குள் இருந்தால் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சும்மா இருக்குமா?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பிப்ரவரி முழுக்க என் கடைசி வருட வகுப்பு பாதி காலி. அது ஜூனில் லீவிங் சர்ட் என்கிற பள்ளியிறுதித் தேர்வு எழுதப் போகிற வகுப்பு. பையன்கள் பஸ்ஸில் இருப்பார்கள், இல்லையென்றால் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், “ஜெயித்தால் படிப்பிலும் உற்சாகம் வரும்” என்று பதில். ஜெயித்தால் சரி.

அதைவிட எனக்கு உறுத்தியது மாற்று ஆட்டக்காரர்கள். பட்டியலில் முப்பது பேருக்குக் கிட்டே இருப்பார்கள். களமிறங்குவது பதினைந்து பேர், மாற்றாக ஐந்து பேர். மீதிப் பையன்கள் செப்டம்பரிலிருந்து எல்லாப் பயிற்சிக்கும் வந்து, ஆட்டத்தன்று தண்ணீர் பாட்டிலும் உபரி மட்டைகளும் தூக்கிக்கொண்டு கோட்டோரத்தில் ஓடுவார்கள். உள்ளே ஒருவன் மட்டை உடைந்தால் அவனுடைய இன்னொரு மட்டையைச் சரியாக எடுத்து நீட்ட வேண்டும். எது யாருடையது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதில் ஒரு பையன் என் வகுப்பில் இருந்தான். கோபமில்லையா என்று கேட்டேன். “சார், என் அண்ணனுக்கு அணியிலேயே இடம் கிடைக்கவில்லை” என்றான். எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஆனாலும் நான் மனம் மாறவில்லை, குழு ஆட்டங்களிலாவது எல்லாரையும் கொஞ்சம் இறக்கலாம்.

சுள்ளி, டிப்பரரி:

கரும்பலகை சார் சொன்ன அந்த மட்டை விஷயம்தான் என் ஏரியா. பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்புறக் கொட்டகையில் ஹர்லி செய்கிறவர். லீவு நாட்களில் நானும் பையனும் அங்கே போய் நிற்போம். ஆஷ் மரத்தில் அடியிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரைக்கும்தான் மட்டைக்கு ஆகும். வேர் விரிகிற இடத்தில் மரத்தின் ரேகையே வளைந்து வரும், மட்டையின் அகலமான பாதத்துக்கு அந்த வளைவு வேண்டும். நேர் ரேகைப் பலகையில் வெட்டினால் முதல் மோதலிலேயே பிளந்துவிடும். பலகையைத் தட்டிக் காதில் வாங்கிப் பார்த்து நாலில் ஒன்றை ஒதுக்கிப் போடுவார். ஏன் என்றால் “இது பேசவில்லை” என்பார். அப்புறம் பாதத்தைச் சுற்றித் தகரப் பட்டை அடிப்பார். தரையில் கிடந்த மரச்சுருளை எடுத்து முகர்ந்தால் லேசாக இனிப்பு வாசம்.

அவர் முகம் சுருங்குவது ஆஷ் மரத்தைத் தாக்குகிற நோயைப் பற்றிப் பேசும்போதுதான். 2012-இல் அயர்லாந்தில் முதலில் கண்டுபிடித்தார்கள், ஒருவகைப் பூஞ்சை. உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். இந்தப் பக்கம் சாலையோரத்தில் மொட்டையாக நிற்பதெல்லாம் அதுதான். மட்டைக்கான மரம் ஏற்கெனவே பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இப்போது மூங்கிலில் செய்த மட்டையும் செயற்கை மட்டையும் வந்துவிட்டன. பையனின் பள்ளி அணியில் சிலர் மூங்கிலுக்கு மாறிவிட்டார்கள், நன்றாகத்தான் அடிக்கிறார்கள். அவரிடம் இதைச் சொன்னபோது மூங்கில் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறை ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் மட்டும் வேறு என்றார்.

மார்கழிப்பூ, கோல்வே:

பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள் என்று யாராவது எழுதுவீர்கள் எனப் பார்த்துக்கொண்டே வந்தேன். கமோகி என்பார்கள். அதே மட்டை, அதே 15 பேர், அதே சேறு. அதற்கும் பள்ளிப் போட்டிகள் தனியாக உண்டு. கோட்டோரத்தில் கூட்டம்தான் கம்மி. தாத்தாக்களே, அடுத்த முறை எங்கள் பக்கமும் பிளாஸ்க்கோடு வரலாம்.

ஷானன்கரை:

மார்கழிப்பூ, நியாயமான கேள்வி. சின்னவள் கமோகியில்தான் சேரப் போகிறாள், அப்போது நானே பிளாஸ்க்கோடு வருகிறேன்.

கரும்பலகை சார், மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் ஒரே பள்ளி திரும்பத் திரும்ப ஜெயிப்பது மன்ஸ்டரில் கொஞ்சம் மாறியிருக்கிறது. கிளேரில் செயின்ட் ஃபிளானன்ஸ்தான் ஒரு காலத்தில் ராஜா. இன்றைக்கும் ஹார்ட்டி கோப்பையை அதிக முறை வென்றது அவர்கள்தான். ஆனால் 2022-இல் அதே மாவட்டத்து டல்லா என்ற சின்ன ஊரின் செயின்ட் ஜோசப்ஸ் முதல் முறையாக எடுத்தது, அடுத்த வருடம் கேஷல் கம்யூனிட்டி ஸ்கூல் முதல் முறை. எங்கள் லிமெரிக்கில் ஆர்ட்ஸ்கோல் ரீஷ் 2010-இல்தான் முதல் கோப்பை பார்த்தது. அந்தப் பள்ளியில் படித்த டெக்லன் ஹானன் தலைமையில், கியன் லிஞ்சும் ஆட, 2018-இல் லிமெரிக் 45 வருடம் கழித்து அகில அயர்லாந்து வென்றது. அப்புறம் 2020-இலிருந்து 2023 வரை தொடர்ந்து நான்கு. பள்ளிகளில் போட்ட உரம் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன்.

புதுவரவு, வாட்டர்ஃபோர்டு:

வணக்கம். பையன் செப்டம்பரில் செகண்டரி சேருகிறான், இதுவரை மட்டையே தொட்டதில்லை. இப்போது ஆரம்பித்தால் நேரம் கடந்துவிட்டதா? என்ன அளவு வாங்குவது?

சுள்ளி, டிப்பரரி:

நேரமெல்லாம் கடக்கவில்லை. முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தனி அணி இருக்கும், சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஐந்து வயதிலேயே தொடங்கியவர்கள் என்பதால் முதல் சில மாதம் பந்தைத் தூக்கவே திணறுவான், விடுங்கள். வீட்டுச் சுவரில் தினம் கொஞ்சம் அடிக்கச் சொல்லுங்கள், வலது இடது இரண்டு பக்கமும். மட்டையைத் தரையில் ஊன்றினால் நுனி இடுப்பெலும்புக்கு வர வேண்டும். வளருவான் என்று பெரியதாக வாங்காதீர்கள், கை வீச்சு கெட்டுப்போகும். ஹெல்மெட் மட்டும் பழையது வாங்க வேண்டாம். மட்டை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வைக்கிறேன், உயரத்தை அளந்து அனுப்புங்கள்.