மறு: டெட் ஜோனுக்குத் தமிழில் என்ன? என் பரிந்துரை 'அலைமறைவு'

நண்பர்களுக்கு வணக்கம்,

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ரவுட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் வீட்டின் ஒரு மூலையில் மட்டும் வைஃபை தேய்ந்துபோகும். 'டெட் ஜோன்' என்கிறார்களே, அந்த இடத்துக்கு நம் உதவிக் கையேட்டில் என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. நான் 'அலைமறைவு' என்று முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையேட்டைப் படிக்கப்போவது யார் என்று முதலில் பார்ப்போம். வேளச்சேரியிலோ அம்பத்தூரிலோ ஓர் அடுக்ககம், கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டிருக்கிறார்கள், டிவியும் அதே இணைப்பில் வைஃபை வழியாக ஓடுகிறது. காலைச் செய்தியானாலும் ராத்திரித் தொடரானாலும் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? போன் போட்டு பிளானை மாற்றுகிறார்கள். எங்கள் கீழ் வீட்டுப் பெரியவர் அப்படித்தான் 50 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அலகு) பிளானிலிருந்து 200க்குப் போனார், மாதாமாதம் கூடுதலாகக் கட்டினார், படம் நின்றது நின்றபடியே இருந்தது. முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 5 எம்பிபிஎஸ்தான், 4கே என்றால் 15. பழைய பிளானே அவருக்குத் தாராளம். ரவுட்டர் வாசல் கதவுக்கு மேலே, டிவி கடைசி அறையில், நடுவில் இரண்டு சுவர், போதாததற்கு ஓர் இரும்பு பீரோ. 'ஸ்பீடு' என்ற சொல் அவருக்குத் தெரியும், வழியில் ஏதோ மறைக்கிறது என்று சொல்ல ஒரு சொல் இல்லை, அதனால் தெரிந்த சொல்லைச் சொல்லி அதையே வாங்கினார். நாம் வைக்கிற சொல் காரணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இனி வந்த பரிந்துரைகள்.

> 'இறந்த மண்டலம்' என்றே வைக்கலாமே, சாக்கடல் என்று சொல்லவில்லையா?

சாக்கடலில் மீன் வாழாது, அங்கே 'சா' பொருந்துகிறது. படுக்கையறையை இறந்த மண்டலம் என்று எந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்வார்கள்? இறந்தாரைத் 'துஞ்சினார்' என்று சொல்வதற்கு மங்கலம் என்று பெயர் வைத்து இலக்கணத்திலேயே இடம் கொடுத்த மொழி இது. வீட்டுக்குள் புழங்க வேண்டிய சொல் வீட்டுப் பெரியவர்களின் வாயில் கூசாமல் வர வேண்டும்.

> அலையில்லா வெளி

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே அலை இல்லாமல் இல்லை. போனில் ஒன்றிரண்டு கோடு தெரியும், வாட்ஸ்அப்பில் செய்தியும் போகும், டிவி மட்டும் திணறும். சிக்னல் அளவை டிபிஎம் (அலையின் திறனைக் காட்டும் அலகு) கணக்கில் பார்த்தால் -50 அருமை, வீடியோ தடங்கலில்லாமல் ஓட -67 அளவிலாவது இருப்பது நல்லது, -80க்குப் போய்விட்டால் இணைப்பு இருப்பதாகக் காட்டும், பயன் இருக்காது. இதில் 3 குறைந்தால் திறன் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, அப்படியென்றால் -50க்கும் -80க்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம். (கையேட்டில் இந்தக் கழித்தல் குறியை விளக்கியே ஆக வேண்டும். 80 பெரிய எண்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது என்று ஒரு வரி போதும்.) அலை வந்தும் போதாமல் போகிற நிலைதான் இங்கே நமக்குச் சொல்லாக வேண்டும்.

> எட்டாவிடம்

எனக்கு மிகவும் பிடித்த சொல், நல்ல நாட்டுச்சொல் வாசம். ஆனால் அது தூரத்தைச் சொல்கிறது. 900 சதுர அடி வீட்டில் தூரம் எங்கே இருக்கிறது? வாசலுக்கு வெளியே நிற்கும்போதுகூட வருகிற சிக்னல் பக்கத்து அறையில் வராமல் போவதற்குத் தூரம் காரணமாக முடியாது.

> அலைநிழல்

இதுதான் ரொம்ப நெருங்கி வருகிறது, வானலைப் பொறியாளர்களும் நிழல் என்றுதான் சொல்கிறார்கள். என் தயக்கம் ஒன்றே ஒன்று. சித்திரை வெயிலில் சென்னைக்காரர் தேடிப் போகிற இடம் நிழல். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் சுகம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டே வரும், குறையைச் சொல்ல அதை எடுப்பது பொருந்தவில்லை.

பள்ளிப் புவியியலில் 'மழை மறைவுப் பகுதி' என்று எல்லாரும் படித்திருக்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்குகிறது. அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவில் இருப்பதால்தான் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி சென்னை உட்கார்ந்திருக்கிறது. நம் விஷயத்துக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்துகிறது: ஒரு பக்கம் ஊற்று, நடுவில் தடுப்பு, மறுபக்கம் வறட்சி. மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் நான்கு மடங்கு கொட்டினாலும் இந்தப் பக்கம் நனையாது என்பதும் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பாடநூலில் ஏற்கெனவே ஊறிய சொல் என்பதால் புதிதாக யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எந்தத் தடுப்பு எவ்வளவு மறைக்கும் என்பதையும் கையேட்டில் இந்தச் சொல்லுக்கான பதிவில் சேர்க்கலாம். நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச்சுவர் ஓரளவு விட்டுக்கொடுக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ரொம்பவே மறைக்கும், இப்போது வருகிற உயரமான அடுக்ககங்கள் சிலவற்றில் உள்சுவரும் கான்கிரீட்டாகவே வார்க்கிறார்கள். இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, லிஃப்ட் குழி இவையெல்லாம் அலையைத் திருப்பி அனுப்புகின்றன, தண்ணீர்த் தொட்டி உறிஞ்சிவிடும். அழகுக்காக ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்களே, டிவியின் உலோகமே தடுப்பாகிவிடுகிறது. அப்புறம் வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும். 5இல் இணைப்பு வேகமானது, ஆனால் அதன் அலை சுவரைத் தாண்டுவதில் 2.4ஐவிடப் பலவீனம். அதனால் ஒரே அறை 5இல் மறைவிலும் 2.4இல் வெளிச்சத்திலும் இருக்கலாம், '5இல் மட்டும் அலைமறைவு' என்று எழுத இந்தச் சொல் இடம் தருகிறது.

இதோடு ஓர் இணைச்சொல்லும் வேண்டும் என்று தோன்றுகிறது. 2.4 அலைவரிசையைச் சேனல் என்று எண் போட்ட தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான். நாற்பது வீடு இருக்கும் கட்டடத்தில் எல்லா ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன, ஓடும்போது மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் கசிகிறது. இதை 'அலைநெரிசல்' எனலாம், நெரிசல் என்றால் இந்த ஊரில் விளக்கம் கேட்க ஆளில்லை. இரண்டு சொல்லும் கையில் இருந்தால் குறையைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். எந்நேரமும் ஒரே இடத்தில் திணறினால் மறைவாக இருக்கும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மட்டும் திணறினால் நெரிசலைச் சந்தேகிக்கலாம். மறைவுக்கு ரவுட்டரை இடம் மாற்ற வேண்டும், நெரிசலுக்கு சேனலை மாற்ற வேண்டும் அல்லது 5க்குப் போக வேண்டும்.

> 'தலைமறைவு' போல ஒலிக்கிறதே?

ஆமாம், எனக்கு அது பலமாகத்தான் படுகிறது. காதில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு எதுகை கட்டினால் புதுச்சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 'ரூமுக்குள்ள போனா அலைமறைவாயிடுது' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள், இயல்பாக வருகிறது. 'அலைமறைவிடம்' என்று மட்டும் நீட்ட வேண்டாம், மறைவிடத்துக்கு வேறு பொருள்கள் உண்டு. இடத்தைச் சொல்ல 'அலைமறைவுப் பகுதி' போதும்.

வைஃபைக்குத் தமிழில் 'அருகலை' என்பதால் 'அருகலைமறைவு' வேண்டும் என்ற நண்பருக்கு: நீளம் ஒரு பக்கம், பிரிக்கும்போது 'அருகல்' என்று குறைந்துபோவதைக் குறிக்கும் சொல்லும் தலைகாட்டுகிறது. செல்போன் கோபுர அலைக்கும் இதே நிலை உண்டு, பொதுவாக 'அலை' என்றே இருக்கட்டும்.

ரவுட்டரின் வைஃபையை வாங்கி அடுத்த அறைக்கு நீட்டிக்கும் கருவியான எக்ஸ்டெண்டருக்கு 'அலைபெருக்கி' என்று எழுதியிருந்தீர்கள். இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். பெருக்கி என்றதும், சிக்னல் இல்லாத மூலையில் கொண்டுபோய்ச் செருகினால் பெருக்கித் தரும் என்று நம்புவார்கள். 'பூஸ்டர்' என்ற பெயரால் இப்போது நடப்பதும் அதுதான். அந்தக் கருவி தனக்கு வந்ததை வாங்கித் திரும்பப் பரப்புகிறது, அதற்கு அலை தேய்ந்து வந்தால் அது தரும் வேகமும் தேய்ந்தே இருக்கும். நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில், மறைவு தொடங்குவதற்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் வகையென்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'மறுபரப்பி' என்றால் இவ்வளவும் அடங்கும். வானொலியில் 'அஞ்சல் செய்கிறோம்' என்பார்களே, அந்த வழக்கை எடுக்க ஆசைதான், ஆனால் கருவிப்பெயர் ஆக்கினால் 'அஞ்சலி' என்று வந்து நிற்கிறது, விட்டுவிடுவோம்.

> மக்கள் எப்படியும் டெட் ஜோன் என்றுதான் சொல்வார்கள், வீண் வேலை.

2003 செப்டம்பரில் கட்டண சேனல்களுக்கு நாட்டிலேயே முதலில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. பெட்டியோடு பெயரும் வந்து இறங்கியது, இன்று அதை மாற்ற யாரும் மெனக்கெட வேண்டாம். ரவுட்டரும் அப்படியே இருக்கட்டும், சிக்னல் எப்போதோ தமிழாகிவிட்டது. ஆனால் இந்த மூலைக்குப் பெட்டியும் இல்லை, விற்பவரும் இல்லை. கீழ் வீட்டுப் பெரியவரிடம் டெட் ஜோன் என்ற சொல்லே இல்லை, 'அங்க வரல' என்றுதான் சொன்னார். களம் காலியாக இருக்கிறது.

பதிவுக்கு என் வரைவு:

அலைமறைவு: சுவர், உலோகம், நீர் போன்ற தடுப்பால் வைஃபை அல்லது செல்போன் அலை தேய்ந்து, இணைப்பு இருந்தும் பயன்படாத நிலை. பிளானை உயர்த்துவதால் தீராது. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, திறந்த இடத்தில், மார்பளவு உயரத்துக்கு மேல் மாற்றவும். முடியாவிட்டால் ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக லேன் கேபிள் (இணையக் கம்பி) இழுக்கவும். அதுவும் முடியாவிட்டால் மறைவுக்கு முன்னால் மறுபரப்பி வைக்கவும்.

லேன் கேபிளை மறுபரப்பிக்கு முன்னால் வைத்தது தெரிந்தேதான். பல டிவிகளில் அந்தக் கேபிளைச் செருகும் துளை 100 எம்பிபிஎஸ்தான் தரும், 4கே படத்துக்கு அதுவே மிச்சம்.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பழைய தடித்த சுவர் வீடுகளில் இருப்பவர்கள், பெருங்குடி பக்கம் புதுக் கான்கிரீட் அடுக்ககங்களில் இருப்பவர்கள், போனில் சிக்னலை அளக்கும் வைஃபை அளவிச் செயலி ஒன்றை வைத்து ரவுட்டர் பக்கத்தில் எத்தனை, டிவி பக்கத்தில் எத்தனை என்று குறித்து இந்த இழையிலேயே அனுப்புங்கள். பதிவின் கீழே நம் ஊர் வீடுகளின் அளவையே எடுத்துக்காட்டாகப் போடலாம். 'அலைநிழல்' பக்கம் நிற்பவர்கள் மறுப்பையும் அதோடு சேர்த்தே எழுதுங்கள், கையேடு அச்சுக்குப் போகுமுன் பேசித் தீர்த்துவிடலாம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து