எஸ்பிரெசோ இயந்திரத்தில் கருகிய டெர்மினல்: அதை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் பயன்படுத்திவரும் 1400 வாட் எஸ்பிரெசோ இயந்திரம், கடந்த வாரம் முதல், சூடேறத் தொடங்கிய சில நிமிடங்களில் ஆர்.சி.சி.பி.யை (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழவைக்கிறது, லேசான கருகல் வாடையும் வருகிறது. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஹீட்டருக்குச் செல்லும் வயர்களில் ஒன்றின் டெர்மினல் (முனையிலுள்ள உலோக இணைப்பு) பழுப்பேறியிருக்கிறது. அதன் மேலிருந்த வெள்ளை உறை, விரல் பட்டதும் முட்டையோடு போல நொறுங்கிவிட்டது. எர்த் வயர், பெயின்ட் அடித்த தகட்டின் மீதே திருகப்பட்டிருக்கிறது. டெர்மினலை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது இந்த இயந்திரத்தையே நம்பக் கூடாதா?

மறுமொழி 1

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், கிரிம்ப் (டெர்மினலை வயரின் மேல் நசுக்கிப் பொருத்திய இடம்) சரியாக அழுத்தப்படவில்லை என்றே தோன்றுகிறது. இந்த ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே, நகக்கண் அளவுள்ள அந்த இடத்தில் 18 வாட் வெப்பம் உண்டாகும். சூடு ஏற ஏற டெர்மினலின் பிடி தளரும், பிடி தளரத் தளரச் சூடு இன்னும் கூடும். வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, சிலிக்கோன் உறை போட்ட வயருக்கேற்ற புதிய டெர்மினலை, ராட்செட் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள், வெளியே வரக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம். ஈயம் ஏறிய இடத்தில் வயர் விறைத்துப்போகும், பம்ப்பின் அதிர்வில் அதன் விளிம்பிலேயே முறியும்.

மறுமொழி 2

மேலே நண்பர் கூறியது கருகலுக்குப் பொருந்தும், ஆர்.சி.சி.பி. விழுவதற்குப் பொருந்தாது. அது ஃபேஸிலும் நியூட்ரலிலும் செல்லும் மின்னோட்டங்களின் வேறுபாட்டைத்தான் கவனிக்கிறது. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதையே பொருத்துவார்கள். தளர்ந்த இணைப்பு எவ்வளவு சூடேறினாலும், மின்சாரம் இயந்திரத்தின் உலோக உடலுக்குக் கசியாதவரை அது விழாது. ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பக்கத்து டெர்மினலின் சூட்டில் அதன் முனை அடைப்பு விரிசல் விட்டிருந்தால், நீராவி உள்ளே போயிருக்கும். இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, ஹீட்டர் முனைக்கும் உலோக உறைக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (உயர் வோல்ட்டில் காப்புத் தடையை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும் என்பதால் இந்தக் கசிவைப் பெரும்பாலும் காட்டாது.

கேள்வி கேட்டவர்

அளந்துவிட்டேன். மெகர் 0.3 மெகாஓம் காட்டுகிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: பாய்லரின் வால்வு இணைப்பிலிருந்து அந்த டெர்மினல்வரை வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கிறது. எர்த் பின்னுக்கும் பாய்லர் உடலுக்கும் இடையே மல்டிமீட்டர் 2.4 ஓம் காட்டியது. திருகின் அடியிலிருந்த பெயின்ட்டைச் சுரண்டியதும் 0.1 ஓமுக்கு இறங்கிவிட்டது.

மறுமொழி 3

நீர்க்கசிவுதான் முதலில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே வால்வின் கேஸ்கெட்டை மாற்றாமல் ஹீட்டரைத் தொடுவது வீண். 0.3 மெகாஓம் ஏற்கத் தக்கதல்ல. உலர்த்தினால் அளவு ஏறலாம், ஆனால் அடைப்பு உடைந்திருந்தால் ஈரம் மீண்டும் புகுந்துவிடும் என்பதால், ஹீட்டரையே மாற்றுவதுதான் எனது தேர்வாக இருக்கும். ஹீட்டரைப் பாய்லருடன் சேர்த்தே வார்த்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எனக்குக் கருகலைவிட அந்த எர்த் திருகுதான் உறுத்துகிறது. டெர்மினல் தளர்வது ஓர் இயந்திரத்தில் நேர்ந்த பிசகாக இருக்கலாம். பெயின்ட்டின் மேல் எர்த்தைத் திருகுவது பொருத்தும் முறையிலேயே உள்ள குறை, அதே தொகுப்பில் வந்த மற்ற இயந்திரங்களிலும் இருக்கக்கூடும். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60335-1 தரநிலை, எர்த் முனைக்கும் உலோகப் பகுதிக்கும் இடையே, மின்கம்பியின் தடை நீங்கலாக, 0.1 ஓமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதையும் குறைந்தது 25 ஆம்பியர் செலுத்தித்தான் அளக்க வேண்டும். மல்டிமீட்டர் காட்டும் 0.1 ஓமை நம்பி விட்டுவிடாதீர்கள். பல் வாஷர் ஒன்றையும் சேர்த்து இறுக்கி, மின்சாதனச் சோதனைக் கருவி உள்ளவரிடம் காட்டுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், சுரண்டுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும், 2.4 ஓம் என்ற அளவையும், இயந்திரத்தின் வரிசை எண்ணையும் உற்பத்தியாளருக்கு எழுதியனுப்புங்கள்.