சத்தத்துக்கு அஞ்சும் நாயுடன் எடின்பரோவைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

கேள்வி: மணியின் வீட்டார்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் லண்டனில் வசிக்கிறோம். எங்களிடம் மணி என்ற ஆறு வயது நாய் இருக்கிறான். பார்டர் கோலியும் வேறேதோ ஓர் இனமும் கலந்தவன், காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கிறோம். மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் அவனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் திடீரெனப் பெரிய சத்தம் கேட்டால் உடல் நடுங்கி, வாரை இழுத்துக்கொண்டு கண்ட திசையில் ஓடப் பார்ப்பான். இங்கே வெடி வெடித்துக் கொண்டாடும் நவம்பர் 5 அன்று சத்தம் ஓயும்வரை குளியலறை மூலையில் ஒடுங்கிக் கிடப்பான். வேகவைத்த கோழித் துண்டை மூக்கருகே நீட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

வரும் ஆகஸ்டில் அவனையும் அழைத்துக்கொண்டு ரயிலில் எடின்பரோ செல்ல விரும்புகிறோம். கோட்டை, பழைய நகரம், ஆர்தர்ஸ் சீட் குன்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. இவற்றில் நாயை அனுமதிப்பவை எவை, அவனை வாரிலிருந்து அவிழ்த்து ஓடவிட ஏற்ற இடங்கள் எவை, அவனை அச்சுறுத்தக்கூடிய எதுவும் அங்கே உண்டா என்பதை அந்நகரில் வசிப்பவர்கள் தெரிவித்தால் நன்றியுடையோம்.

பதில் 1: லீத்வாசி

வணக்கம். மணியின் இயல்பை நீங்கள் விவரித்திருப்பதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் விஷயம், ஆகஸ்டைக் கைவிட வேண்டும் என்பதுதான். 1947-இல் தொடங்கிய கலைவிழாவும் அதனுடன் வளர்ந்த ஃப்ரிஞ்ச் என்ற கலைநிகழ்ச்சி விழாவும் அந்த மாதத்தில் நடப்பதால் பழைய நகரத்தின் முக்கியத் தெருவான ஹை ஸ்ட்ரீட்டில் கால் வைக்க இடமிருக்காது. மேளமும் ஒலிபெருக்கியும் பகல் முழுவதும் முழங்கும். கோட்டையின் முன்திடலில் நடக்கும் இராணுவ டாட்டூ என்னும் படை இசை அணிவகுப்பு நிகழ்ச்சி வாணவேடிக்கையுடன் முடிவதால் இரவிலும் அவனுக்கு நிம்மதி இராது. செப்டம்பர் பிற்பகுதிக்கு மாற்றிக்கொண்டால் கூட்டம் குறைந்திருக்கும், குளிரும் கடுமையாக இராது.

ஆண்டு முழுவதும் தொடரும் சத்தம் ஒன்று உண்டு. அதை அறியாமல் வந்துவிடாதீர்கள். கோட்டையிலிருந்து பகல் சரியாக ஒரு மணிக்குப் பீரங்கி சுடுவார்கள். லீத் துறைமுகத்திலும் ஃபோர்த் கடற்கழியிலும் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக, 1852-இல் கால்ட்டன் குன்றின் நெல்சன் நினைவுக் கோபுரத்தில் குறித்த நேரத்தில் கீழே விழும் பெரிய பந்து ஒன்றை அமைத்தார்கள். மூடுபனி நாள்களில் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போனதால், காதில் விழும் குறிப்பாக 1861-இல் பீரங்கி வந்தது. ஒலி தொலைவிடங்களுக்குப் போய்ச்சேர எத்தனை வினாடி தாமதமாகும் என்பதைக் காட்டும் வரைபடத்தைக்கூட அக்காலத்தில் அச்சிட்டார்கள். இன்று சுடப்படுவது 105 மில்லிமீட்டர் பீரங்கி. கோட்டைப் பாறைக்கு அடியில் உள்ள பிரின்சஸ் ஸ்ட்ரீட் பூங்காவில் நிற்பவர்களுக்கு அந்த வெடியோசை நெஞ்சுக்கூட்டிலேயே அதிரும். அந்த நேரத்தில் மணி அங்கே நின்றால் வாரை அறுத்துக்கொண்டு சாலைக்குள் பாய்ந்துவிடுவான் என்றுதான் நான் அஞ்சுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாள்களில் பீரங்கி சுடப்படுவதில்லை. எனவே பழைய நகரத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். மற்ற நாள்களில் நண்பகலுக்குள் நகர நடுவை விட்டு வெளியேறிவிடுங்கள். உங்கள் பயணத்தை இந்த ஒரு விதியை வைத்தே வகுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் பரிந்துரைக்கும் வழி கிரேஃபிரையர்ஸ் பாபியின் சிலையிலிருந்து தொடங்குகிறது. 1858-இல் இறந்த ஜான் கிரே என்ற காவலரின் கல்லறையை விட்டு நீங்காமல், 1872 ஜனவரியில் தான் சாகும்வரை காத்திருந்ததாகச் சொல்லப்படும் ஸ்கை டெரியர் நாய் அது. அக்கதை இரண்டு வெவ்வேறு நாய்களைப் பற்றியது என்று வாதிடும் ஆய்வாளரும் உண்டு. ஆனால் 1867-இல் நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் அந்நாய்க்கான உரிமக் கட்டணத்தைத் தாமே செலுத்தினார் என்பது பதிவாகியுள்ள செய்தி. 1873-இல் எழுந்த சிலையின் பீடத்தை உற்றுப் பாருங்கள்: அது குடிநீர் ஊற்றாகக் கட்டப்பட்டது, மனிதர்களுக்கு மேலே ஒரு தொட்டியும் நாய்களுக்குத் தரையோரம் ஒரு தொட்டியும் வைத்திருந்தார்கள். இப்போது அதில் தண்ணீர் வருவதில்லை. சிலையின் மூக்கைத் தடவினால் நல்லது நடக்கும் என்று அண்மைக் காலத்தில் யாரோ கிளப்பிவிட்டதால் அங்கே கருமை தேய்ந்து பளபளக்கிறது. உள்ளூர்க்காரர்களாகிய எங்களுக்கு அது வருத்தம் தருகிறது, தயவுசெய்து தொட வேண்டாம். பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் பாபியின் நினைவுக்கல் முன்னால் மக்கள் குச்சிகளை வைத்துவிட்டுப் போவார்கள். மணி அவற்றை வாயில் கவ்வி வராதபடி வாரைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கேண்டில்மேக்கர் ரோ வழியாகக் கிராஸ்மார்க்கெட்டுக்கு இறங்கி, கிங்ஸ் ஸ்டேபிள்ஸ் ரோடு வழியாக மேற்குப் பூங்காவுக்குள் நுழைந்தால், உடன்பிறப்பு நகரமான அமெரிக்காவின் சான் டியேகோ அன்பளிப்பாக அனுப்பிய பம் என்ற நாயின் சிலை இருக்கிறது. பூங்காவின் கிழக்குப் பகுதியில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நினைவுச் சின்னத்தின் நடுவே, வெண்சலவைக்கல்லில் வடித்த ஸ்காட்டின் அருகில் அவருடைய மெய்டா என்ற வேட்டைநாய் படுத்திருக்கிறது. ஒரு நகரம் தன் நடுவிடத்தில் மூன்று நாய்களுக்கு இடம் கொடுத்திருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

வார நாளின் காலைப்பொழுதுக்கு வாட்டர் ஆஃப் லீத் ஆற்றோரப் பாதை சிறந்தது. டீன் வில்லேஜிலிருந்து ஸ்டாக்பிரிட்ஜ் வரை ஆறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுவதால் நகரின் இரைச்சல் மேலேயே தங்கிவிடும். ஆற்றுக்குள்ளும் அதன் அருகிலும் சிற்பி ஆன்டனி கோர்ம்லி 2010-இல் நிறுவிய, ஆளுயர இரும்பு மனிதர்கள் நிற்கிறார்கள். முழங்கால் நீரில் அசையாமல் நிற்கும் அவர்களைக் கண்டு குரைக்காத நாயை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த இடம் கோட்டைக்கு அருகிலேயே இருப்பதால் நண்பகலுக்குள் நடையை முடித்து லீத் பக்கம் வந்துவிடுங்கள்.

பதில் 2: குன்றுநடை

லீத்வாசி கூறிய பீரங்கி விதியை நானும் வழிமொழிகிறேன். ஒரு மணி நெருங்கும்போது போர்ட்டபெல்லோ கடற்கரையில் இருப்பதே நல்லது என்பேன். நகர நடுவிலிருந்து 26-ஆம் எண் பேருந்து அங்கே செல்கிறது. ஓதம் வற்றி, கடல்நீர் பின்வாங்கும் வேளையில் மணல் அகன்று விரிந்து கிடக்கும். நாய்கள் மனம்போல ஓடும் இடம் அது.

ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர் உயரமே என்றாலும் எளிதாக எண்ண வேண்டாம். அது பழைய எரிமலையின் எச்சம். உச்சியருகே பாறைகள் பல கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்டதால் மழைக்குப் பின் நாயின் கால்களும் வழுக்கும். டன்சாப்பி ஏரிப் பக்கமிருந்து ஏறுவது மற்ற வழிகளைவிட இலகு. சாலிஸ்பரி கிராக்ஸ் என்னும் செங்குத்துப் பாறை விளிம்பருகே வாரை அவிழ்க்கவே கூடாது. என் விருப்பம் கேட்டால், தெற்கே உள்ள பிளாக்ஃபோர்டு குன்றையும் அதன் அடிவாரத்தில் ஹெர்மிட்டேஜ் ஆஃப் பிரெய்டு என்ற ஓடையோரக் காட்டையும்தான் முதலில் சொல்வேன். அக்குன்றின் மேலிருந்து கோட்டை, ஆர்தர்ஸ் சீட், கடல் மூன்றும் ஒருசேரத் தெரியும். மணிக்கு மோப்பம் பிடிக்க முயல் வளைகளும் நனைந்த இலைகளும் போதும்.

நகருக்குத் தெற்கே உள்ள பென்ட்லாண்ட் குன்றுகளுக்குச் செல்வதாக இருந்தால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அங்கே ஆடுகள் மேய்கின்றன; கோலி இரத்தம் உள்ள நாய்க்கு ஆட்டைக் கண்டால் சுற்றி வளைக்கத் தோன்றும். 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் எவரும் திறந்த நிலத்தில் நடக்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் நாய் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் அவ்வுரிமை செல்லும். கால்நடைகளை நாய் துரத்தினால் 40,000 பவுண்டு வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்க 2021-ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. வீடு திரும்பியதும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கிராமண்ட் தீவையும் பலர் பரிந்துரைப்பார்கள். ஓதம் வற்றியபோது மட்டுமே அதற்கு நடைபாதை உண்டு. பாதுகாப்பான நேரம் கரையில் உள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கும். நேரம் பாராமல் சென்று தீவில் மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படகு ஏற்றிவருவது அடிக்கடி நடக்கிறது. நாயோடு நடப்பவர்களுக்கு வழியில் தாமதம் கூடும் என்பதால் திரும்பும் நேரத்தைத் தாராளமாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மணியின் வீட்டார்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பீரங்கியைப் பற்றி எந்தப் பயணக் குறிப்பிலும் நாங்கள் கவனித்திருக்கவில்லை. பயணத்தைச் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றுகிறோம். சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தால் மறுநாளே பழைய நகரத்தைப் பார்த்துவிடலாம். கோட்டைக்குள் நாயை அனுமதிப்பார்களா? தங்குமிடம் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 3: மூன்றாம் மாடி

கோட்டைக்குள் உதவி நாய்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. தேசிய அருங்காட்சியகத்திலும் அரசு தாவரவியல் தோட்டத்திலும் அவ்வாறே. எனவே ஒருவர் மணியுடன் வெளியே இருக்க, மற்றவர் உள்ளே சென்று வருவதுதான் வழி. கோட்டைக்குள் செல்பவர் ஒன்றைத் தவறவிட வேண்டாம்: அங்கே படைவீரர்களின் நாய்களைப் புதைத்த சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, மேலே மதிலருகில் நின்று குனிந்து பார்த்தால் தெரியும்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, நாய்க்கு இடமுண்டா என்று கேட்பதோடு எத்தனையாவது மாடி என்றும் கேளுங்கள். இங்குள்ள பழைய கல் கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. நடுவில் தேய்ந்துபோன கற்படிகள் சுழன்று ஏறும். இரவு பதினொரு மணிக்கு நாயைச் சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்லும்போதுதான் அந்தப் படிகளின் அருமை புரியும். தரைத்தளமும் அருகில் மெடோஸ் போன்ற புல்வெளியும் கிடைத்தால் வாடகை சற்றுக் கூடுதலானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வரும் எல்என்இஆர் என்ற நிறுவனத்தின் ரயிலில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி அழைத்து வரலாம். பயணம் ஏறத்தாழ நான்கரை மணி நேரம். வலப்பக்க இருக்கையில் அமர்ந்தால் பெரிக் அருகே கடல் தெரியும். எடின்பரோவில் நீங்கள் இறங்கும் வேவர்லி நிலையத்தில் நகரும் படிக்கட்டைத் தவிர்த்து மின்தூக்கியைப் பயன்படுத்துங்கள். அந்தப் படிப் பற்களில் நாயின் நகம் சிக்கும். ட்ராமில் வாருடன் நாய்க்கு இலவச அனுமதி உண்டு, பேருந்தில் ஓட்டுநரின் முடிவே இறுதியானது.

கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். நாய் மலத்தை அள்ளாமல் விட்டால் 80 பவுண்டு அபராதம் உண்டு, ஆகையால் பைகளைத் தாராளமாக எடுத்து வாருங்கள். மணியைப் போன்ற நாய்க்குக் கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் அணிவித்து, இரண்டிலும் வாரை மாட்டிக்கொண்டால், ஒன்றிலிருந்து நழுவினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.